அமெரிக்காவின் டி.ஓ. மருத்துவரும் எம்.டி. மருத்துவரும்: எதில் ஒன்று, எதில் வேறு?

அமெரிக்காவில் குடியிருக்கும் உறவினருக்கு அமைந்த குடும்ப மருத்துவரின் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று இல்லை, டி.ஓ. என்று இருக்கிறது, கேட்டால் ஆஸ்டியோபதி மருத்துவர் என்கிறார்கள். அவர் முழுமையான மருத்துவர்தானா, ஹோமியோபதியைப் போல வேறொரு வைத்திய முறையைச் சேர்ந்தவரா, எம்.டி.க்கு ஒரு படி கீழே உள்ளவரா என்பது கேள்வி. பிள்ளைக்கு டி.ஓ. கல்லூரியில் மட்டுமே இடம் கிடைத்திருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்கும் அங்குள்ள தமிழ்ப் பெற்றோரின் மனத்தில் இருப்பதும் இதே ஐயந்தான்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரியில் படித்து அமெரிக்க மாநிலம் ஒன்றில் உரிமம் பெற்ற டி.ஓ., சட்டப்படியும் நடைமுறையிலும் முழு மருத்துவர். மருந்து எழுதுவது, மயக்க மருந்து கொடுப்பது, இதய அறுவை சிகிச்சை செய்வது, இறப்புச் சான்றிதழில் கையொப்பமிடுவது என எம்.டி.க்கு உள்ள அத்தனை உரிமையும் 50 மாநிலங்களிலும் அவருக்கு உண்டு. நோயாளியாகப் போகிறவர் இந்த இரண்டு எழுத்தைப் பார்த்து மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டியதில்லை, தவிர்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மைதான். இரு பட்டங்களும் வெவ்வேறு ஊற்றிலிருந்து புறப்பட்டவை. நூறாண்டுப் பகைக்குப் பின் ஒன்றாகக் கலந்தவை. கலந்த பின்னும் சேர்க்கையிலும் பயிற்சியிலும் துறைத் தேர்விலும் சில வேறுபாடுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் எது பொருட்படுத்தத் தக்கது, எது வெறும் விளம்பரம் என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வாசகருக்கு இதில் கூடுதலாக ஒரு குழப்பம் உண்டு. இந்தியாவில் எம்.டி. என்பது எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு பெறும் மேற்படிப்பு. அமெரிக்காவிலோ எம்.டி.தான் மருத்துவத்தின் முதல் பட்டம். நான்காண்டு இளங்கலைப் படிப்புக்குப் பின் நான்காண்டு மருத்துவக் கல்லூரியில் படித்து வாங்குவது. டி.ஓ.வும் அதே இடத்தில் நிற்கும் முதல் பட்டமே. எனவே அமெரிக்க எம்.டி.யையும் டி.ஓ.வையும் நம்முடைய எம்.பி.பி.எஸ்.ஸோடு ஒப்பிட வேண்டுமே தவிர, நம் எம்.டி.யோடு அன்று. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் கண் மருத்துவர்கள் சிலர் போட்டுக்கொண்ட டி.ஓ. கண் மருத்துவப் பட்டயத்தைக் குறிப்பது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எலும்பு அறுவை மருத்துவத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1828இல் வர்ஜீனியாவில் பிறந்தார். தந்தை மெதடிஸ்ட் போதகர், கூடவே வைத்தியமும் பார்த்தவர். மகன் தந்தையிடமே தொழில் கற்றார். அக்காலத்தில் அமெரிக்க எல்லைப்புறங்களில் வைத்தியராவதற்குக் கல்லூரிப் படிப்பு கட்டாயமாக இருக்கவில்லை. உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் பணியாற்றிய ஸ்டில், 1864இல் பரவிய மூளை உறைக் காய்ச்சலில் தம் வீட்டிலேயே மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். அன்றைய மருத்துவத்தின் கையிருப்பு என்ன என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அவருடைய கோபம் புரியும். பாதரசக் கலவையான காலமெலை வாயில் புண் வந்து எச்சில் ஒழுகும்வரை கொடுப்பார்கள். இரத்தக் குழாயைக் கீறி இரத்தம் வடிப்பார்கள். அபினும் சாராயமும் தாராளமாகப் புழங்கின. நோயைவிட வைத்தியமே அதிகம் கொன்ற காலம் அது என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

மருந்துகளை முற்றாக வெறுத்த ஸ்டில் உடற்கூறியலில் மூழ்கினார். உடலின் எலும்பும் தசையும் தத்தம் இடத்தில் சரியாக இருந்தால் இரத்தமும் நரம்பின் செயலும் தடையின்றி ஓடும். அந்த ஓட்டம் சீராக இருந்தால் உடல் தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும். ஆகவே மருத்துவரின் வேலை கையால் தடையை நீக்குவது என்பது அவர் வந்தடைந்த முடிவு. 1874 ஜூன் 22 அன்று தமக்கு இந்த உண்மை துலங்கியதாக அவரே பின்னால் குறிப்பிட்டார். கான்சாஸில் தம் குடும்பம் நிறுவ உதவிய பேக்கர் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பேச இடம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். பிறகு மிசூரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் தங்கி, சில காலம் காந்த வைத்தியராகவும் 'மின்னல்வேக எலும்பு வைத்தியர்' என்ற பெயரிலும் ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்தார். 1892இல் அங்கேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். எடின்பரோவில் பயின்ற வில்லியம் ஸ்மித் என்னும் மருத்துவர் உடற்கூறியல் ஆசிரியராகச் சேர்ந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தனர். பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று. பள்ளியின் சாசனப்படி எம்.டி. பட்டமே வழங்கியிருக்கலாம். ஸ்டில் வேண்டுமென்றே டி.ஓ. என்ற தனிப் பட்டத்தைத் தேர்ந்தார். இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் குழப்பம் முழுவதும் அந்த ஒரு முடிவிலிருந்து வந்ததுதான்.

ஸ்டில்லைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற பகுதியும் உண்டு. பயனற்ற மருந்துகளை எதிர்த்ததில் அவர் சரி. ஆனால் பயனுள்ளவற்றையும் சேர்த்தே எதிர்த்தார். பெரியம்மைத் தடுப்பூசியும் அவருடைய வெறுப்புக்குத் தப்பவில்லை. எல்லா நோய்க்கும் எலும்பின் இடப்பிறழ்வே வேர் என்ற அவர் கோட்பாடு, கிருமிகளே பல நோய்களுக்குக் காரணம் என்று பாஸ்ச்சரும் கோக்கும் நிறுவிய பின் நிலைக்கவில்லை. இன்றைய டி.ஓ.க்கள் ஸ்டில்லின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, அவருடைய மருத்துவத்தைச் செய்வதில்லை.

ஆஸ்டியோபதிக்கு முதலில் சட்ட ஏற்பு தந்த மாநிலம் வெர்மான்ட், 1896இல். அடுத்த ஆண்டு மிசூரி. 1901இல் நியூயார்க் சட்டமன்றத்தில் ஆஸ்டியோபதி மசோதா விவாதத்துக்கு வந்தபோது, எழுத்தாளர் மார்க் ட்வெயின் ஆல்பனி நகருக்கு நேரில் சென்று, தன் உடலுக்கு எந்த வைத்தியம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தனக்கு வேண்டும் என்ற தொனியில் ஆஸ்டியோபதிக்கு ஆதரவாகப் பேசினார். 1910இல் வெளிவந்த, கல்வியாளர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றை அலசிப் பலவற்றை மூடச் செய்தது. அதே அறிக்கை எட்டு ஆஸ்டியோபதிப் பள்ளிகளையும் கடுமையாகச் சாடியது. அந்தச் சாட்டையடி ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது. பிழைத்த பள்ளிகள் அறிவியல் பாடங்களைக் கூட்டின, சேர்க்கைத் தகுதியை உயர்த்தின, ஸ்டில் விரட்டிய மருந்தியலை 1929க்குப் பின் முறையாகப் பாடத்திட்டத்தில் சேர்த்தன. பழைய கோட்பாட்டிலிருந்து விலகி நவீன மருத்துவத்தோடு ஆஸ்டியோபதி கைகோத்தது அங்கேதான். 1895இல் அயோவா மாநிலத்தில் பிறந்த, முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் முறை அந்தத் திருப்பத்தை எடுக்கவில்லை. அதனால்தான் கைரோபிராக்டர் இன்றும் மருந்து, அறுவை உரிமைகள் கொண்ட மருத்துவர் அல்லர், டி.ஓ.வோ அத்தகைய மருத்துவர். இருவரும் முதுகை நெட்டி முறிக்கிறார்கள் என்பதற்காக இருவரையும் ஒன்றென்று எண்ணக் கூடாது.

இரண்டாம் உலகப் போரின்போது இராணுவம் டி.ஓ.க்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்கவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட, ஊரில் எஞ்சிய டி.ஓ.க்களிடம் நோயாளிகள் வந்தார்கள். போர் முடிந்த பின்னும் பலர் திரும்பிப் போகவில்லை. அவமதிப்பே தொழிலை வளர்த்துவிட்டது. அமெரிக்க மருத்துவச் சங்கமோ இவர்களை ஒரு மூடக்குழுவாகவே கருதி, எம்.டி. ஒருவர் டி.ஓ.வோடு சேர்ந்து நோயாளியைப் பார்ப்பதையே ஒழுக்கக்கேடு என்று விதித்திருந்தது. சங்கமே அமைத்த குழு ஒன்று 1950களில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளைப் பார்வையிட்டு அந்த முத்திரையை நீக்கலாம் என்று பரிந்துரைத்தும், 1955இல் சங்கம் அதை ஏற்கவில்லை.

அதன்பின் கலிபோர்னியாவில் நடந்ததை இந்த முழு வரலாற்றின் மையம் என்றே சொல்வேன். 1961இல் அம்மாநிலத்து எம்.டி. சங்கமும் டி.ஓ. சங்கமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி எம்.டி. கல்லூரியாக மாறியது, பிற்காலத்தில் அதுவே இர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. மாநிலத்தில் தொழில் செய்த டி.ஓ.க்களில் 2,000க்கும் மேற்பட்டோர் ஒரு குறுகிய கருத்தரங்கில் உட்கார்ந்து 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. பட்டம் பெற்றுக்கொண்டார்கள். 1962 நவம்பரில் மாநில வாக்கெடுப்பு வழியாகப் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் வழங்குவது நிறுத்தப்பட்டது. தனித் தொழிலாக ஆஸ்டியோபதி ஒழிந்துபோகும் என்று எம்.டி. தலைவர்கள் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தலைகீழானது. நேற்றுவரை மூடக்குழு என்று ஒதுக்கப்பட்டவர் 65 டாலருக்கு எம்.டி. ஆகலாம் என்றால், இரு பட்டங்களுக்கும் இடையில் இருந்த தகுதி வேறுபாடுதான் என்ன? இந்தக் கேள்விக்கு எம்.டி. தரப்பிடம் பதில் இருக்கவில்லை. மற்ற மாநிலத்து டி.ஓ.க்கள் தங்கள் தனித்தன்மையை விட்டுவிடக் கூடாது என்று இறுகினர். 1966இல் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மக்னமாராவின் ஆணைக்குப் பின் இராணுவ மருத்துவப் பணி அவர்களுக்குத் திறந்தது. 1969இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே டி.ஓ.க்களை உறுப்பினராக்கிக்கொள்ள முன்வந்தது. அதே காலத்தில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் இயங்கும் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரிக்கு இடம் தந்தது. 1973இல் மிசிசிப்பியும் முழு உரிமை வழங்கியதோடு, கலிபோர்னியா நீங்கலாக நாடு முழுவதும் கதவு திறந்தது. 1974இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றமும் அங்கிருந்த தடையை நீக்க, 1977இல் பொமோனா நகரில் புதிய ஆஸ்டியோபதிக் கல்லூரி எழுந்தது. பிறகு 1996இல் அமெரிக்கத் தரைப்படையின் தலைமை மருத்துவராகவே ரொனால்ட் பிளாங்க் என்ற டி.ஓ. அமர்ந்தார். குடியரசுத் தலைவர் டிரம்பின் முதல் பதவிக்காலத்தில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவராக இருந்த கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்களே.

இன்று இரு கல்லூரிகளின் வகுப்பறைக்குள்ளும் ஒருவரை மாறி மாறி உட்கார வைத்தால், பெரும்பாலான நேரம் எந்தக் கல்லூரி என்று கண்டுபிடிக்க முடியாது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், மருந்தியல் எல்லாம் ஒன்றே; முதல் இரண்டாண்டு பெரும்பாலும் வகுப்பு, அடுத்த இரண்டாண்டு மருத்துவமனைப் பணி என்ற அமைப்பும் ஒன்றே. டி.ஓ. மாணவர் கூடுதலாக ஏறத்தாழ 200 மணி நேரம் கையால் செய்யும் ஆஸ்டியோபதிச் சிகிச்சை பயில்கிறார். உரிமத் தேர்வு மட்டும் தனி: எம்.டி. மாணவர் யூ.எஸ்.எம்.எல்.இ. எழுதுகிறார், டி.ஓ. மாணவர் காம்லெக்ஸ் எழுதுகிறார். காம்லெக்ஸே உரிமத்துக்குப் போதுமானது என்றாலும், எம்.டி. மதிப்பெண்ணையே பார்த்துப் பழகிய பயிற்சித் துறைகளை நம்ப வைப்பதற்காகப் பல டி.ஓ. மாணவர்கள் இரண்டையும் எழுதுகிறார்கள். இரட்டைச் செலவு, இரட்டைச் சுமை. இதை ஒழிக்காமல் வைத்திருப்பதற்கு நோயாளி நலன் சார்ந்த காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. தனி அமைப்புகள் தங்களைக் காத்துக்கொள்கின்றன என்றே தோன்றுகிறது.

மருத்துவரை உண்மையில் உருவாக்குவது கல்லூரிக்குப் பிந்தைய ரெசிடென்சிப் பயிற்சி. துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு ஆண்டுகள்வரை மருத்துவமனையிலேயே கிடந்து கற்பது. முன்பு டி.ஓ.க்களுக்கென்று தனிப் பயிற்சி இடங்கள் இருந்தன. அவற்றின் தரம் சீராக இல்லை என்ற குறை நெடுங்காலம் பேசப்பட்டது. 2014இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 2015 முதல் 2020 ஜூன் வரை படிப்படியாக எல்லாப் பயிற்சி இடங்களும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டன. இன்று ஒரே வார்டில், ஒரே பேராசிரியரின் கீழ், ஒரே இரவுப் பணிப் பட்டியலில் எம்.டி.யும் டி.ஓ.வும் பயில்கிறார்கள். கலிபோர்னியாவில் சட்டத்தால் செய்ய முயன்றதைப் பயிற்சி முறை சத்தமில்லாமல் செய்துமுடித்தது என்பேன். இருபது ஆண்டுகளுக்கு முன் பயிற்சி முடித்த ஒரு டி.ஓ.வையும் சென்ற ஆண்டு முடித்தவரையும் ஒரே மாதிரி எடைபோடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மூத்தவர் விஷயத்தில் அவர் எங்கே பயிற்சி பெற்றார் என்பதைத் தனியே பார்ப்பது நல்லது.

சிகிச்சையின் விளைவில் வேறுபாடு உண்டா என்பதற்கு 2023இல் ஒரு நல்ல ஆய்வு வெளிவந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டில் உள்ள 65 வயதைத் தாண்டியோர் 2016 முதல் 2019 வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 3,29,510 நிகழ்வுகளை எடுத்து, எம்.டி. பார்த்தவர்களையும் டி.ஓ. பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 30 நாட்களுக்குள் இறந்தோர் எம்.டி. பக்கம் 9.4 விழுக்காடு, டி.ஓ. பக்கம் 9.5. மீண்டும் சேர்க்கப்பட்டோர் 15.7, 15.6. தங்கிய நாட்கள் இரு பக்கமும் 4.5. மருத்துவருக்கான செலவுகூட 1,004 டாலர், 1,003 டாலர். இவ்வளவு நெருக்கமான எண்களை மருத்துவ ஆய்வில் காண்பது அரிது. ஒரு வரம்பை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இது முதியோருக்கு மருத்துவமனைப் பொது மருத்துவர்கள் தந்த சிகிச்சையைப் பற்றியது. அறுவை சிகிச்சைக்கோ குழந்தை மருத்துவத்துக்கோ இதை அப்படியே நீட்டிப் பேசக் கூடாது.

எஞ்சிய வேறுபாட்டில் பெரியது அந்தக் கைச் சிகிச்சைதான். மூட்டைச் சட்டென்று சிறிதளவு அழுத்தி விடுவது, நோயாளி தன் தசையை இறுக்கித் தளர்த்த மருத்துவர் எதிர்விசை கொடுப்பது, வலிக்கும் தசையைச் சுருங்கிய நிலையில் சற்று நேரம் தாங்கிப் பிடித்திருப்பது, தசையைச் சுற்றிய உறைத் திசுவை இளக்குவது என்று பல உத்திகள் அதில் உண்டு. இவற்றை எல்லாம் ஒரே தராசில் போட முடியாது. கீழ்முதுகு வலியில் ஓரளவு பயன் இருப்பதற்குச் சான்று உண்டு. 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் சில வாரங்களாக முதுகுவலியால் அவதிப்பட்ட 178 பேரை இரு பிரிவாக்கி 12 வாரம் கவனித்தார்கள். வலி குறைவதில் வழக்கமான சிகிச்சையும் கைச் சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன, ஆனால் கைச் சிகிச்சை பெற்றவர்கள் குறைவான மாத்திரையே உட்கொண்டார்கள். மாத்திரையைக் குறைப்பதே ஒரு பலன்தான், அதுவும் வலிநிவாரணிப் பழக்கத்தால் பேரழிவைக் கண்ட அமெரிக்காவில். ஆனால் 2021இல் பிரான்சில் 400 பேரிடம், பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு நடத்திய கடுமையான ஆய்வில் கிடைத்த நன்மை மிகச் சிறியது. நோயாளியின் அன்றாட வாழ்வில் உணரத்தக்கதா என்பதே ஐயம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

முதுகைத் தாண்டிப் போகப் போகச் சான்று மெலிகிறது. நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் சேர்ந்த 406 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்ட அனைவரையும் கணக்கில் எடுத்தபோது கைச் சிகிச்சை கூடுதல் பயன் தந்ததாகத் தெரியவில்லை. மண்டையோட்டு எலும்புகளை மெல்லத் தொட்டு அவற்றின் 'தாளத்தை'ச் சீராக்குவதாகச் சொல்லும், வில்லியம் சதர்லாண்ட் உருவாக்கிய முறையோ அறிவியல் சோதனையில் நிற்கவே இல்லை. ஒரே நோயாளியின் தலையைத் தொட்டுப் பார்த்த இரு மருத்துவர்கள் ஒரே தாளத்தைச் சொல்லவில்லை என்றால், அங்கே அளப்பதற்கு ஏதும் இருப்பதாக எப்படி நம்புவது? அதை இன்னும் பாடத்திட்டத்தில் வைத்திருப்பது டி.ஓ. கல்லூரிகளுக்குப் பெருமை சேர்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், டி.ஓ.க்களில் பெரும்பாலோர் இந்தக் கைச் சிகிச்சையைச் செய்வதே இல்லை. 2001இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம் நோயாளிகளில் 5 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களுக்கே அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அதற்குப் பிந்தைய போக்கும் குறைவை நோக்கியே இருக்கிறது. நேரமின்மை, காப்பீட்டு நிறுவனங்கள் தரும் சொற்பத் தொகை, பயிற்சிக் காலத்தில் கைப்பழக்கம் விட்டுப்போவது ஆகியவை காரணங்கள். எனவே முதுகுவலிக்குக் கைச் சிகிச்சை வேண்டும் என்று டி.ஓ.வைத் தேடிப் போகிறவர், அந்த மருத்துவர் உண்மையில் அதைச் செய்கிறாரா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது.

இனி அடிக்கடி கேட்கும் முழக்கம்: டி.ஓ. முழு மனிதரைப் பார்க்கிறார், எம்.டி. நோயை மட்டும் பார்க்கிறார். உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்று. உடலுக்குத் தன்னைச் சீராக்கும் ஆற்றல் உண்டு. அமைப்பும் செயலும் ஒன்றையொன்று சார்ந்தவை. சிகிச்சை இவற்றின் அடிப்படையில் அமைய வேண்டும் என்ற நான்கு கோட்பாடுகளை ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் கற்பிக்கின்றன. நல்ல கொள்கைகளே. ஆனால் எந்த நல்ல எம்.டி. இவற்றை மறுப்பார்? நோயாளி என்ன வேலை செய்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார், மருந்து வாங்கக் காசு இருக்கிறதா என்று கேட்பது குடும்ப மருத்துவத்தின் அரிச்சுவடி, அதை எம்.டி. கல்லூரிகளும் கற்பிக்கின்றன. கேட்பதற்கு 15 நிமிடமாவது கிடைக்கிறதா என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது, அந்த நெருக்கடி இரு தரப்புக்கும் பொது. ஆனால் டி.ஓ.க்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய முதன்மைத் துறைகளில் பணிபுரிகிறார்கள் என்பதும், கெண்டகியின் பைக்வில், மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க் போன்ற மலைப்புற ஊர்களில் கல்லூரி நடத்துகிறார்கள் என்பதும் முழக்கமல்ல, கண்கூடு. மருத்துவர் போக மறுக்கும் ஊர்களுக்கு மருத்துவரை அனுப்புவதில் இக்கல்லூரிகளின் பங்கு எந்தத் தத்துவத்தைவிடவும் மதிக்கத் தக்கது.

மாணவராகச் சேர நினைப்பவருக்கு வேறுபாடுகள் சற்று அழுத்தமாகவே தெரியும். எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வின் உச்ச மதிப்பெண் 528, எம்.டி. கல்லூரிகளில் சேர்வோரின் சராசரி அண்மை ஆண்டுகளில் 511, 512 அளவில் இருக்க, டி.ஓ. கல்லூரிகளில் அது 504 அளவில் இருக்கிறது. இதை வைத்தே டி.ஓ. இரண்டாந்தரம் என்று சொல்வோர் உண்டு. நுழைவுத் தேர்வில் ஏழெட்டு மதிப்பெண் குறைந்தவர் பதினைந்து ஆண்டு கழித்து மோசமான மருத்துவராக இருப்பார் என்பதற்கு மேலே சொன்ன ஆய்வு இடம் தரவில்லை என்பதையே நான் பதிலாகச் சொல்வேன். இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரிகளில் படிக்கிறார்கள், மருத்துவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் டி.ஓ.க்கள். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியே வளர்ச்சியின் வேகத்தைக் காட்டுகிறது. அந்த வேகம்தான் எனக்குக் கவலையும் தருகிறது. பல புதிய டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை இல்லை; மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் பல ஊர்களிலுள்ள சிறு மருத்துவமனைகளுக்கும் தனி மருத்துவர்களிடமும் அனுப்பப்படுகிறார்கள். அங்கே கற்பிப்பவரின் ஆர்வத்தைப் பொறுத்துப் பயிற்சி மிகச் சிறப்பாகவும் அமையலாம், ஓரமாக நின்று பார்ப்பதாகவும் முடியலாம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 55,000 டாலரைத் தாண்டுகிறது. ஆய்வுப் பணியும் குறைவு. ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று கனவு காணும் மாணவருக்கு எம்.டி. கல்லூரியே ஏற்ற இடம்.

ரெசிடென்சி இடம் கிடைப்பதில் பொதுவாக அச்சம் தேவையில்லை. 2024ஆம் ஆண்டுத் தேர்வில் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காட்டினருக்கும் டி.ஓ. மாணவர்களில் 92.3 விழுக்காட்டினருக்கும் இடம் கிடைத்தது. வெளிநாட்டில் படித்துவந்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது 67 விழுக்காடு, இந்தியாவிலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்துப் போவோரையும் உள்ளடக்கிய வெளிநாட்டவருக்கு 58.5. எனவே எம்.டி. என்ற எழுத்துக்காகவே கரீபியத் தீவுகளின் தனியார் கல்லூரிகளுக்குப் பிள்ளையை அனுப்பலாமா, உள்நாட்டு டி.ஓ. கல்லூரியில் சேர்க்கலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு நான் தயங்காமல் டி.ஓ.வையே சொல்வேன். நரம்பு அறுவை, ஒட்டறுவை, தோல் மருத்துவம் போன்ற கடும்போட்டித் துறைகளில் மட்டும் டி.ஓ. மாணவருக்குச் சுவர் இன்னும் சற்று உயரமாகவே இருக்கிறது. அந்தத் துறையே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் அதை அறிந்தே சேர வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதைவிட, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எந்த மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள், எத்தனை ஊர் மாற வேண்டியிருக்கிறது, சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்தத் துறைகளில் இடம் பெற்றார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, அதுவும் அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களுக்கு. மேலே சொன்னதெல்லாம் அமெரிக்க டி.ஓ.வுக்கு மட்டுமே பொருந்தும். ஸ்டில்லின் மாணவரான ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917இல் லண்டனில் தொடங்கிய பள்ளியின் வழிவந்த பிரிட்டன் ஆஸ்டியோபத்துகள், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற கைச் சிகிச்சையாளர்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர், மருந்து எழுதவோ அறுவை செய்யவோ அவர்களுக்கு உரிமையில்லை. பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே நிலைதான். இந்தியாவில் ஆஸ்டியோபத் என்று பலகை வைத்திருப்போரில் பலர் பிசியோதெரபி படித்துவிட்டு அந்த உத்திகளைத் தனியே கற்றவர்கள். முதுகுவலிக்கு அவர்களிடம் போகலாம். ஆனால் காய்ச்சலோடு சேர்ந்த முதுகுவலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்த பிறகே வேறு எவரையும் பார்க்க வேண்டும். எலும்பு மெலிந்த முதியவர்கள் கழுத்தையோ முதுகையோ சட்டென்று திருப்பும் உத்திக்கு உடன்படக் கூடாது. அமெரிக்காவில் இருப்பவரோ, தம் மருத்துவரின் உரிமம் நடப்பில் உள்ளதா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை அந்தந்த மாநில மருத்துவ வாரியத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்தே இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். சில மாநிலங்களில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம் இருப்பதால், எம்.டி. பட்டியலில் பெயர் இல்லையென்று பதறாமல் அந்த வாரியத்திலும் தேட வேண்டும்.